காலிப் பட்டியலிலிருந்து வந்த பதில்

என் புத்தக அலமாரியின் மேல்தட்டில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கிறது. டிபன் பாக்ஸ் அளவு, சாம்பல் நிறம். அதன் மின்கம்பியை நான்காக மடித்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். முன்பக்க வலையில் மஞ்சளாக ஏதோ பஞ்சு ஒட்டியிருப்பதுபோல் தெரியும். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் வீட்டைப் பெருக்க வரும் அம்மாள் அதை இரண்டு முறை துடைக்கப் போனார். இரண்டு முறையும் தடுத்துவிட்டேன். அது பஞ்சு அல்ல. முட்டையை உடைத்து வெளியே வந்த கோழிக்குஞ்சு ஈரம் காயும்போது உதிர்க்கும் தூவி. பொரிப்பகத்தில் வேலை செய்தவர்களின் சட்டைப் பையிலும் காதுமடலிலும் சாப்பாட்டுத் தூக்கிலும் அது இருக்கும். நான் ஓய்வுபெற்ற பிறகு எல்லாவற்றிலிருந்தும் போய்விட்டது. இந்த வலையில் மட்டும் மிச்சம்.

நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில் இருந்த ஒரு தனியார் பொரிப்பகத்தில் நான் நிர்வாக மேலாளராக இருந்தேன். கணிதத்தில் முதுகலை படித்தவன் கோழிக்குஞ்சுகளுக்கு நிர்வாகம் செய்ய வந்தது எப்படி என்று கேட்காதவர்கள் குறைவு. நான் சொல்லும் பதில், கோழிக்குஞ்சுகள் பிரச்சினை இல்லை, மனிதர்களுக்குத்தான் நடைமுறை தேவைப்பட்டது என்பது. அந்த இடத்தின் நடைமுறைக் கையேட்டை எழுதியவன் நான்தான். விடுப்புக்கு ஒரு படிவம், சாவிக்கு ஒரு படிவம், வேலையிலிருந்து விடுபடுபவர் ஒப்படைக்க வேண்டியவற்றுக்கு இருபத்தேழு கட்டங்கள் கொண்ட ஒரு படிவம். முட்டை அடுக்கும் பெண்கள் என் காதில் விழும்படியே பேசிக்கொள்வார்கள்: “மேனேஜர் சாரு சாவறதுக்கும் ஒரு ஃபாரம் வெச்சிருப்பாருங்க. அதுல கையெழுத்துப் போடாம எமன்கூட உள்ள வர முடியாதுங்க.”

உண்மையில் அந்த ஒரு படிவம்தான் என்னிடம் இல்லை. இது அதைப் பற்றியது.

எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் சிஸ்டம் பாய் என்றுதான் அழைத்தார்கள். சேலம் சூரமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். குடும்பத்தில் எல்லோரும் ஜவுளி வியாபாரம். இவர் மட்டும் நிரல் எழுதப் போனார். “எங்க அண்ணன் மீட்டர் கணக்குல துணி கிழிக்கறாரு சார், நான் வரிக் கணக்குல எழுதிக் கிழிக்கறேன்” என்பார். எட்டு அடைகாக்கும் அறைகள் எங்களுக்கு. ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பொரிப்பு இயந்திரம், அதற்குள் தட்டுத் தட்டாக முட்டைகள். தொண்ணூற்றொன்பதரை டிகிரி ஃபாரன்ஹீட்டில் பதினெட்டு நாள்; குஞ்சு வெளிவரும் கடைசி மூன்று நாள் வேறு அறையில். இரண்டு டிகிரி கூடிச் சிறிது நேரம் நின்றால் போதும், உள்ளே இருப்பது குஞ்சு அல்ல, அவித்த முட்டை. அந்த வெப்பத்தைக் கண்காணிக்கும் நிரலை முழுக்க எழுதியவர் பாய்.

நான் பழைய காலத்து நிரல்மொழிகளைக் கற்றவன். மேலிருந்து கீழே வரி வரியாக ஓடும். யார் யாரை அழைக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரியும். பாயின் நிரலில் அது தெரியவில்லை. ஏழாம் அறை சூடானால் யாருக்குத் தகவல் போகும் என்று தேடினேன். இயந்திரத்துக்கான பகுதியில் எந்தப் பெயரும் இல்லை. பாய் சிரித்தார்.

“அதுக்குத்தான் டெலிகேட் சார். மெஷினுக்கு ஆள் யாருன்னு தெரியக் கூடாது. ‘அறை நம்பரும் டிகிரியும் குடுத்தா வாங்கிக்கற ஃபங்ஷன் எதுவா இருந்தாலும் சரி’ன்னு ஒரு அச்சு வெச்சுட்டேன். அந்த அச்சுல பொருந்தறவங்க யாரும் வந்து லிஸ்ட்ல சேந்துக்கலாம். சூடானா மெஷின் லிஸ்ட்டைக் கூப்பிடும். லிஸ்ட்ல இருக்கறவங்க வரிசையா பதில் சொல்வாங்க. யார் வந்தாங்க, என்ன செஞ்சாங்க, மெஷினுக்குக் கவலையே இல்ல.”

எனக்கு உடனே புரிந்தது. அரசு அலுவலகங்களில் கோப்பு மனிதருக்கு எழுதப்படுவதில்லை, இருக்கைக்கு எழுதப்படுகிறது. அதில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது கோப்பை அனுப்பியவருக்குத் தெரிய வேண்டியதில்லை. நிரல் எழுதுபவர்கள் இதைப் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்தப் பட்டியலில் மின்பணியாளர் இருந்தார். அழைப்பு வந்தால் அவர் செல்பேசி ஒலிக்கும். பகல் மேற்பார்வையாளர் இருந்தார்; அவருக்கும் அப்படியே. இருவருக்கும் முன்னால், முதல் இடத்தில், பாய் தன்னையே சேர்த்திருந்தார். அவருடைய ஃபங்ஷன், அதாவது அவர் பெயரில் இருந்த நிரல்துண்டு, மூன்று வேலை செய்யும். சைரன் ஒலிக்கும். காற்றுத் திறப்புகள் விரியும். பிறகு கூடத்தின் நடுத்தூணில் மாட்டியிருந்த இந்தச் சாம்பல் பெட்டியிலிருந்து அவர் குரல் வரும்: “வந்துட்டேன். பயப்படாதீங்க.”

சைரன் கேட்டால் பெண்கள் பதறித் தட்டுகளைப் போட்டுவிடுகிறார்கள் என்பதற்காக அவரே தன் குரலைப் பதிவு செய்து வைத்தது அது. சூரமங்கலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும் அவர் நாமக்கல்லில் வந்துவிட்டதாகப் பெட்டி அறிவிக்கும். ஏழாம் அறைக்குப் பொறுப்பான அக்கா மட்டும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்து, “வாங்க பாய், டீ குடிச்சுட்டுப் போங்க” என்று பெட்டிக்குப் பதில் சொல்வார். கூடமே சிரிக்கும்.

நிரலில் ஒரு குறை இருந்தது. அதை நான் அன்றே கண்டேன். பட்டியலில் ஒருவரும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? காலியான டெலிகேட்டை அழைத்தால் நிரல் அங்கேயே விழுந்துவிடும். அழைப்பதற்கு முன் காலியா என்று பார்க்க ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லை. சொன்னேன். பாய் கையில் இருந்த டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “காலியா எப்படி சார் இருக்கும்? யார் போனாலும் நான் இருப்பேன்ல.” அந்த இடத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்தார். நிரலின் வேலைக்குச் சம்பந்தமில்லாத, படிப்பவருக்கான ஒரு வரி: நான் இருக்கேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்குப் போவதற்காக அரைநாள் விடுப்பில் கிளம்பிய பாய், சூரமங்கலத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பத்தடி நடந்து விழுந்தார். மாரடைப்பு. என் கையேட்டின்படி ஊழியர் இறந்தால் நிறுவனத்தின் சார்பில் மலர்வளையம் வைக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போனோம். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் மலர்வளையம் வைக்கும் வழக்கம் இல்லை என்று வாசலில் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. உள்ளேயும் கொண்டுபோக முடியாமல் கீழேயும் வைக்க முடியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய அண்ணன் வந்து அதை வாங்கி, வெளியே நின்றிருந்த ஒரு ஸ்கூட்டரின் இருக்கையில் மெதுவாக வைத்தார். ஜனாஸா ஊர்வலம் கிளம்பும்வரை மலர்வளையம் அங்கேயே இருந்தது, யாருடைய வண்டி என்று தெரியாமலேயே.

பிறகு நடைமுறை தன் வேலையைச் செய்தது. மின்பணியாளர் திருப்பூருக்குப் போனார், இருபத்தேழு கட்டங்களையும் நிரப்பிக் கையெழுத்திட்டார், பட்டியலிலிருந்து நீக்கினோம். மேற்பார்வையாளர் ஓசூருக்குப் போனார், அவரையும் நீக்கினோம். புதிதாக வந்த இருவரையும் சேர்ப்பதற்கான படிவங்கள் என் மேசையில் இருந்தன. அவற்றில் ‘கணினிப் பிரிவு அலுவலர் ஒப்புதல்’ என்று ஒரு கட்டம். அந்த இருக்கை காலி. ஒப்புதல் இல்லாமல் சேர்க்கக் கூடாது என்று எழுதியவன் நான். பாயை நீக்கவும் முடியவில்லை. விடுபடுபவரின் கையெழுத்து இல்லாமல் நீக்கக் கூடாது என்று எழுதியவனும் நான்தான். ஆக, ஒழுங்காகக் கையெழுத்துப் போடத் தெரிந்த உயிருள்ளவர்கள் எல்லோரும் வெளியே போய்விட, அந்தப் பட்டியலில் மிஞ்சியவர் இறந்துபோன ஒருவர் மட்டும். இதை அப்போது நான் கவனிக்கவில்லை. படிவங்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பாய் இறந்த மூன்றாவது வாரம், முற்பகல் வேளையில், மின்சாரம் ஏறி இறங்கி ஏழாம் அறை சூடானது. சைரன் ஒலித்தது. திறப்புகள் விரிந்தன. பிறகு தூணிலிருந்து குரல் வந்தது.

“வந்துட்டேன். பயப்படாதீங்க.”

தட்டு விழும் சத்தம் ஒன்று கேட்டது. அதற்குப் பிறகு எட்டு இயந்திரங்களின் விசிறிச் சத்தம் மட்டும். ஒரு பெண் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், அழுகைக்குப் போனார். எனக்கு அந்த இரண்டு வார்த்தைகளும் எப்படி வந்தன என்று தெரியும்; எந்த வரி எந்தக் கோப்பை எடுத்து ஒலிக்கிறது என்றுகூடத் தெரியும். தெரிந்தும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்ததை மறைக்கப் போவதில்லை. ஏழாம் அறை அக்கா மட்டும் நிமிர்ந்து தூணைப் பார்த்தார். வழக்கமான பதிலில் பாதிதான் வந்தது. “வாங்க பாய்” என்றார்.

அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு முறை நடந்தது. ஏழாம் அறைக்குள் போக மற்றவர்கள் மறுத்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், விவசாயக் குடும்பம், பேயை நம்பமாட்டார். ஆனால் பேயால் வேலை கெடும் என்பதை நம்புவார்.

“ஏனுங்க மேனேஜர் சார், அந்தக் கொரல எடுத்துப்போடுங்க. பொம்பளைங்க அல்லாம் பயந்துக்கறாங்க. நாளைக்கு ஒருத்தியும் வல்லைன்னா முட்டைய நீங்களும் நானுமா அடுக்கறது?”

குரலுக்கான ஒரு வரியை மட்டும் நீக்கியிருக்கலாம். ஆனால் ஒருவரை விடுவித்தால் முழுமையாக விடுவிக்க வேண்டும் என்பது என் கொள்கை. குரலுக்கான வரியைத் தேடிப் படித்தவன் அதற்கு மேலிருந்த இரண்டு வரிகளைப் படிக்கவில்லை; சைரனும் காற்றுத் திறப்பும் இயந்திரத்தோடு வந்தவை, தாமாக நடப்பவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விடுவிப்புப் படிவத்தில் கையெழுத்துக் கட்டத்தில் ‘காலமானார்’ என்று எழுதி, பட்டியலிலிருந்து பாயை நீக்கினேன். நிரல் முனகவே இல்லை. காலிப் பட்டியல் என்பது தன்னைக் கூப்பிடும்வரை நிறைந்த பட்டியலைப் போலவேதான் இருக்கும். தூணில் ஏறிப் பெட்டியைக் கழற்றச் சொல்லி, கம்பியை மடித்து ரப்பர் பேண்டு போட்டு, என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு வாரேன்னு சொல்லிப்போட்டு வராம இருந்ததில்லீங்க சார்” என்றார். “நீங்க ஏனுங்க அவரத் தொரத்தறீங்க?”

அது பதிவு செய்த குரல்தான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். படித்தவர்கள் பேசும்போது அவர் எப்போதும் பொறுமையாகக் கேட்பார்.

எட்டு நாள் கழித்து, காலைத் தேநீர் இடைவேளையில், வெளிக்கதவருகே இருந்த கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூடம் அங்கிருந்து அறுபது தப்படி தூரம். அக்கா பாதி குடித்த டம்ளரைக் கீழே வைத்து எழுந்தார். “பாய் கூப்பிடறாருங்கடி” என்றார். “உனக்கு மட்டும் தனி லைனு போட்டுக் குடுத்திருக்காராக்கா?” என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். அவர் அதற்குள் கூடத்தை நோக்கி நடந்திருந்தார்.

முதலாளியும் நானும் கூடத்துக்குள் நுழைந்தபோது ஏழாம் அறை இயந்திரத்தின் கதவு அகலத் திறந்து கிடந்தது. முட்டைகள் வெளிக்காற்றில். ஹீட்டர் அணைக்கப்பட்டிருந்தது. அக்கா முறத்தை எடுத்து உள்ளே விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த திரையில் பச்சை எழுத்தில் வெப்பம் தொண்ணூற்றொன்பதரை என்று இருந்தது. சைரன் ஒலிக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்த இயந்திரத்தை ஒருவர் காரணமில்லாமல் திறந்துபோட்டிருந்தார். கையேட்டின் பதினான்காம் விதி: திரையில் வெப்பம் சரியாக இருக்கும்போது கதவைத் திறப்பவர் அன்றே பணிநீக்கம்.

“ஏனுங்க தொறந்தீங்க?” என்றார் முதலாளி.

“பாய் கூப்பிட்டாருங்க. அக்கான்னாரு. வந்துட்டேன்னாரு. வந்து கதவுல கைய வெச்சுட்டு நின்னனுங்க, கொஞ்ச நேரத்துல அனலா அடிக்குதுங்க.”

“செத்தவரு வந்து கதவத் தொறங்கன்னாருங்களா?”

“தொறக்கச் சொல்லலீங்க. பயப்படாதீங்கன்னாரு. அப்பறம் நானே தொறந்தனுங்க.”

முதலாளி என்னிடம் திரும்பி, “எழுதிப்போடுங்க” என்றார்.

அக்கா பதினெட்டு வருடம் அங்கே வேலை பார்த்தவர். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவர். வருடத்தில் ஒருமுறை வந்தால் உண்டு. சேந்தமங்கலத்தில் அவர் வீட்டில் அடுப்பெரிவது இந்த வேலையால். என் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். பணிநீக்கக் கடிதம் தயாராக இருந்தது. பெயரை மட்டும் நிரப்ப வேண்டும். எதையும் முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது என் பெருமைகளில் ஒன்று. பெயரின் முதல் எழுத்தைத் தட்டச்சு செய்தும்விட்டேன். பிறகு, இணைப்பு ஆவணமாகச் சேர்ப்பதற்காக மட்டும், நிரலின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்.

பதினோரு மணி ஏழு நிமிடத்துக்கு ஒரு பிழைக் குறிப்பு இருந்தது. ஏழாம் அறை எல்லையைத் தாண்டியிருக்கிறது. இயந்திரம் பட்டியலைக் கூப்பிட்டிருக்கிறது. பட்டியலில் யாரும் இல்லை. நிரல் அங்கேயே விழுந்துவிட்டது. திரையில் எண்ணை மாற்றும் வேலை அழைப்புக்கு அடுத்த வரியில் இருந்ததால், அது நடக்கவே இல்லை. பச்சையில் தெரிந்தது செத்துப்போன எண். பிற்பாடு இயந்திரத்தைப் பிரித்தபோது உள்விசிறியின் பெல்ட் அறுந்து கிடந்தது. கதவைத் திறந்தால் விசிறி தானாக நிற்கும் என்பதால் அதுவரை யார் கண்ணுக்கும் படவில்லை. நீக்கியவன் நான். அந்த வரி வேண்டும் என்று முன்பே கண்டவன் நான். சேர்க்க வேண்டியவர்களைச் சேர்க்காமல் படிவத்தைப் பிடித்து வைத்தவன் நான். இது தெரிந்த ஒரே ஆளும் நான்தான். ஓய்வுபெற இன்னும் நான்கு மாதம் இருந்தது.

அரை மணி நேரம் கடிதத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கதவின் கண்ணாடி வழியாக அக்காவின் பின்னந்தலை தெரிந்தது. அதில் தூவி ஒட்டியிருந்தது. இதைத் தைரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். தைரியசாலிக்கு அரை மணி நேரம் தேவைப்படாது. கடைசியில் கடிதத்தைக் கிழித்துவிட்டுச் சம்பவ அறிக்கைப் படிவத்தை எடுத்தேன். தவறு யாருடையது என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். நேரத்துக்கான கட்டத்தை நிரப்பக் கூடத்தின் வாசல் பதிவேட்டை வரவழைத்தேன். உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது என் விதி. அக்கா அந்த அவசரத்திலும் நின்று கையெழுத்திட்டிருந்தார்.

பதினொன்று நான்கு.

இயந்திரம் கூப்பிட்டது பதினொன்று ஏழுக்கு. வாசல் கடிகாரத்தையும் கணினியின் கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லை. வாரம் தவறாமல் சரிபார்க்க விதி போட்டதே நான்தான். பதினெட்டு வருடம் பழகிய காதுக்கு அறுபது தப்படி தள்ளியிருந்தும் பெல்ட் வழுக்கும் சத்தம் கேட்டிருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இழுப்பறையைத் திறந்தேன். பெட்டி, மடித்த கம்பி, ரப்பர் பேண்டு. எல்லாம் வைத்தபடியே இருந்தன.

படிவத்தில் ஆறாவது கட்டம்: தகவல் தந்தவர். காலியாக விடக் கூடாது என்று அடிக்குறிப்பு உண்டு. அக்காவைக் கூப்பிட்டு மறுபடி கேட்டேன். அதே பதிலைச் சொன்னார், ஒரு சொல் மாறாமல். ‘சிஸ்டம் பாய்’ என்று எழுதினேன்.

முதலாளி அறிக்கையைப் படித்தார். ஆறாவது கட்டத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். “அந்தம்மாள வேலைக்குப் போகச் சொல்லுங்க” என்றார். பிறகு, “இத ஆருக்கும் காட்டாதீங்க” என்று தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டார். பதினெட்டாம் நாள் கடந்து அந்த முட்டைகள் பொரித்தன. எனக்கு முட்டைக் கிடங்குக்கு மாற்றல். விடைகொடுப்பு விழாவில் சால்வை போர்த்தவில்லை, அது நியாயம்தான். போவதற்கு முன் காலியா என்று பார்க்கும் வரியைச் சேர்த்தேன். புதியவர்கள் இருவரையும் சேர்த்தேன். பாயின் ஃபங்ஷனை அதன் பழைய முதல் இடத்திலேயே திரும்ப வைத்தேன், குரலை மட்டும் எடுத்துவிட்டு. ‘நான் இருக்கேன்’ என்ற குறிப்பை அழிக்கவில்லை. பெட்டியை முறைப்படி கழிவுப் பொருளாகப் பதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூடத்தில் இப்போது ஒலிபெருக்கியே கிடையாது.

போன மாதம் அக்கா செல்பேசியில் பேசினார். ஊட்டில் எல்லோரும் சௌக்கியம், புது மேனேஜர் ஃபாரமே கேட்பதில்லை, எல்லாம் செல்லில் தட்டுவதுதான் என்றார். தயங்கித் தயங்கி நான் கேட்டேன். அவர் தயங்கவில்லை.

“இன்னும் கூப்பிடறாருங்க சார். முந்தாநேத்துக்கூட. வந்துட்டேன்னாரு, போயிப் பாத்தேன், ரெண்டாம் ரூமுல ஹீட்டர் டியூபு அளவுக்கு மேல சூடாயிருந்துச்சுங்க. நீங்க சௌக்கியமான்னு கேட்டாருன்னு சொல்ல மாட்டேன், கேக்கலை. உங்ககிட்ட பொய் சொன்னா ஃபாரம் குடுப்பீங்க.”

சிரித்தார். நானும் சிரித்தேன். முந்தாநாள் எத்தனை மணிக்கு என்று கேட்காமல் இருந்திருக்கலாம். காலை பதினொன்றுக்கு மேல் இருக்கும் என்றார்.

அந்த முந்தாநாள் அதே நேரத்தில் நான் இந்த அலமாரிக்கு எதிரே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். ஜலதோஷம் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன். பெட்டியின் கம்பி நான்காக மடிந்து, ரப்பர் பேண்டோடு, எதிலும் செருகப்படாமல் கிடந்தது. வலையில் ஒட்டியிருந்த மஞ்சள் தூவி அசைந்தது. ஒருவர் இரண்டு வார்த்தை சொல்லி முடிக்கும் நேரம் அசைந்துவிட்டு நின்றது. எழுந்து ஜன்னலைச் சோதித்தேன். கதவின் இடுக்கைச் சோதித்தேன். சம்பவ அறிக்கைப் படிவம் ஒன்று என்னிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் காற்று என்று எழுதிவிடலாம். இன்னும் எழுதவில்லை.